ஏழுமலை விற்காமல் விட்ட வண்டி

ஆவணி, ஞாயிறு இரவு.

காலையில் செங்கம் ரோட்டு டீக்கடையில் எங்கள் பைக் குழு கூடியது. மண்பாதையில் ஓட்டும் டர்ட் பைக் கம்பெனி ஒன்று இந்த ஊரில் தேறுமா என்றுதான் பேச்சு.

"விலை ஜாஸ்தி, மைலேஜ் கம்மி. யாரு வாங்குவான்?" என்றான் பாஸ்கர்.

அந்தக் கம்பெனி ஷோரூமில் சேல்ஸ் பார்க்கும் ஏழுமலை டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது வேங்கிக்காலில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். ஏழுமலையின் டர்ட் பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதே மாதிரி ஒன்று நாளைக்கே வேண்டும் என்றார். ஏழுமலை அவரை ஏறி உட்காரச் சொன்னான். அவருக்குக் கால் தரைக்கு எட்டவில்லை.

"ஆபீஸ் போய் வரத்தானே சார்? உங்களுக்கு இது வேணாங்க," என்றான்.

அவர் போனதும் பாஸ்கர் கத்தினான். "வந்த ஆளையும் தொரத்திட்டியேடா! அப்புறம் எப்படி விக்கும்?"

"சிக்னல்ல நிக்கும்போதே சாஞ்சிடுவாருடா. அப்புறம் யாரு தூக்கறது?"

திரும்பும் வழியில் ஏழுமலை என்னிடம் மட்டும் சொன்னான். இந்த மாதமும் வண்டி போகவில்லையென்றால் ஷோரூமை மூடிவிடுவார்களாம். அது தெரிந்தேதான் அவரை அனுப்பியிருக்கிறான்.

வண்டி வாங்கினால் இவனிடம்தான் வாங்க வேண்டும். அதுவரை அந்த ஷோரூம் இருக்க வேண்டுமே.