ஆணிகள் சொல்லாத தூரம்

நாள் 212, காலை 06:10
இன்று பனிக்கூரைக்குக் கீழே இருந்தவர்கள்: தலைவி சேர்மக்கனி, டாக்டர் ரெஜினா, கூரைக் கணக்கு பார்க்கும் தனிஸ்லாஸ், ஆணி அடிக்கும் பேச்சித்தாய் ஆகிய நான். இந்த நிலவில் வேறு ஆளில்லை. காற்று சரி. தளர்ந்த ஆணிகள் பதினெட்டு, கழியால் எட்டி அடித்தேன். ஒவ்வோர் ஆணியும் அந்தந்த இடத்துப் பனிக்குச் செங்குத்தாக நிற்கும். அது பார்க்கும் திசையைக் கருவி படித்து, திசைகளை வைத்தே கூரையின் வளைவை வரைகிறது. படத்தில் மாற்றமில்லை.

நாள் 219, காலை 06:25
கழி எட்டவில்லை. அரைச் சாண் குறைகிறது. குழாய்த் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டேன். ரேடியோவில் தனிஸ்லாஸ்: "வயசானா ஆளு குறுகத்தான செய்யும், பாட்டி. ஆணியெல்லாம் அதே திசையத்தான் காட்டுது." சேர்மக்கனி சிரித்தது கேட்டது.

நாள் 226, காலை 06:20
இன்று குறைவது ஒரு சாண் நாலு விரல். கயிறு பிடித்து நானே அளந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் சின்னச் சட்டிக்குள் ஆணி அடித்தாலும் பெரிய சட்டிக்குள் அடித்தாலும் அவை பார்க்கும் திசைகள் ஒன்றுதான். சட்டி எவ்வளவு பெரிது என்று திசை சொல்லாது. நம் சூடு கூரையை உள்ளிருந்து ஒரே சீராகத் தின்கிறது. ரேடியோவில் சொன்னேன்.
தனிஸ்லாஸ்: "உயரம் முதல் நாளே அளந்தாச்சு, பாட்டி."
"இன்னொரு தடவ அளந்தா கை தேஞ்சிருமா?"
"வேலையப் பாருங்க."
சேர்மக்கனி: "படத்துல வரலியே, பாட்டி."

நாள் 231, காலை 11:11
11:02க்குக் கூரை போனது. நான் ஆணி எடுக்கச் சாமான் அறைக்குள் இருந்தேன். காற்று போகாத இரட்டைக் கதவு தானே மூடிக்கொண்டது. சேர்மக்கனி பதில் தரவில்லை. ரெஜினாவும் இல்லை. 11:09க்கு ரேடியோ: "பாட்டி, கதவத் திறங்க. உடுப்புல பத்து நிமிஷக் காத்துதான் இருக்கு." இந்த அறையின் காற்று ஒருவருக்கு ஒன்பது நாள். கப்பல் வர எட்டு நாள்.

நாள் 235, மாலை 16:40
திறந்தேன். நாலு நாளாக எதிரே உட்கார்ந்திருக்கிறான். காற்று இன்னும் கொஞ்ச நேரம். விரல் நீலமாகிவிட்டது, எழுத்து கோணுகிறது. படிப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம், கயிறு பிடித்து அளக்கவும்.
முன்பு கேட்டான்: "எம் பேர மட்டும் எழுதாதீங்க, பாட்டி. எங்கம்மா படிப்பாங்க."
பாதிக் காற்று கொடுத்தேன். போர்வை கொடுத்தேன். மன்னிப்பு கொடுக்க
மாட்டேன்
தனிஸ்லாஸ் மச்சாடோ