ஒரே மூலையில் உரசிய கதவுகள்

பெல்-ரவின் மலைத்திட்டு, சலாசி
1971 ஜனவரி 11

அன்பிற்குரிய தம்பி அன்செல்முக்கு,

நலமே. மழை ஒன்பதாம் நாளாகப் பெய்கிறது. சௌசௌக் கொடிகள் பந்தலையே மூடிவிட்டன. சென்ற ஆண்டும் நீ ஆற்றைக் கடந்து மலையேறி வந்து என் முன்கதவை இழைத்துக் கொடுத்தமைக்கு நன்றியுடையேன். அது மீண்டும் மூடிக்கொள்ள மறுக்கிறது. இழைப்புளியோடு வருமாறு வேண்டுகிறேன். பள்ளிக்கூடம் செல்லாதவளின் இக்கடிதத்தில் பிழையிருப்பின் சுட்டிக்காட்டலாம்; ஆயினும் இராது.

உன் தமக்கை,
ஒனோரின்


அக்கரை
ஜனவரி 15

ஒனோரின் அக்காவுக்கு,

பிழை ஒண்ணும் இல்ல. ஆனா நான் வரமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. மழையில ஊறின கதவு சுத்திலும் பிடிக்கும். உங்க கதவு அஞ்சு வருஷமா மேல ஒரே மூலையிலதான் பிடிக்குது. நானும் மடையன் மாதிரி அதையே இழைச்சு விட்டுட்டு வந்திருக்கேன். கோளாறு மரத்துல இல்லக்கா. நிலம் நகருது, வீடு முறுக்கிக்குது. எப்ப மலையை விட்டு இறங்குறீங்க?

அன்செல்ம்


பெல்-ரவின்
ஜனவரி 19

தம்பி,

தச்சனுக்கு மலையின் மனமும் தெரியும் என்பதை இன்றுதான் அறிந்தேன். கதவு திறந்தே கிடக்கிறது. பக்கத்து வீட்டு நாய் என் சமையலறையில் குடியேறிவிட்டது. நாளை அண்டை வீட்டுக் கதவுகளை நானே ஆராய்ந்து, உன் கூற்று தவறென எழுத்தில் நிறுவுகிறேன்.

ஒனோரின்


பள்ளிக்கூடத்து முகாம்
பிப்ரவரி 2

என் அருமைத் தம்பிக்கு,

பாலம் போய்விட்டதால் இக்கடிதம் சுற்றுவழியாக வரும். எல்லோரும் நலம் என்பதை முதலில் அறிக.

அண்டை வீட்டுத் திஜூ அம்மாளின் வாசலில் நான் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்ததைக் கண்டு, "என்னடி ஒனோரின், என் கதவைப் பொண்ணு பாக்க வந்தியா?" என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஐந்து வீடுகளிலும் அதே மேல்மூலை, பள்ளத்தை நோக்கிய பக்கம். ஐந்தையும் ஆண்டுதோறும் இழைத்தவன் நீ. தோட்டத்துக்கு மேலே கொடிகளை விலக்கினேன்; என் கால் இறங்கும் அளவுக்கு விரிசல்.

உடனே இறங்கிவிடலாம் என்றதற்கு, "மழை நிக்கட்டும், போகலாம்" என்றார்கள் அண்டை வீட்டார். "மழை நிக்குற வரைக்கும் மலை நிக்குமா? கிளம்புங்கடி!" என்று நான் கத்தியது இலக்கணத்துக்கு உட்பட்ட பேச்சன்று.

கைக்குழந்தையும் கோழிக்கூடுமாக இருபத்திரண்டு பேர் இறங்கினோம். மூன்றாம் நாள் காலை முகடே பிளந்தது. பாறைகள் ஆற்றை நிரப்பி எதிர்ச்சரிவில் ஏறி நின்றன. பெல்-ரவின் இருந்த இடத்தில் இப்போது வெறும் வானம்.

இங்கு சோறும் பயறும் பரிமாறும்போது, இருபத்திரண்டு தட்டுகளையும் பார்த்த பிறகே உண்கிறேன். யாவரும் எனக்கு நன்றி நவில்கின்றனர். அது உனக்குரியது, இத்துடன் ஒப்படைக்கிறேன். உன் கூற்றைத் தவறென நிறுவ முடியாமற் போனமைக்கு என் நன்றியையும் சேர்த்துக்கொள்.

ஒரு விண்ணப்பம். எவரிடமும் ஏதும் கேட்டுப் பழகாதவள் நான். உன் வீட்டில் எனக்கு இடம் உண்டா?

ஒனோரின்


அக்கரை
பிப்ரவரி 9

அக்கா,

வர மாட்டேன்னு கடுதாசி போட்ட அன்னிக்கே உங்களுக்குக் கட்டில் செய்ய மரம் அறுத்துட்டேன். முடிஞ்சாச்சு. தலைமாடு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. மாத்தி வச்சா அதுக்கும் கடுதாசி எழுதுவீங்க.

அன்செல்ம்