தடுப்புச் சுவரோரம் ஒரு தளம்

அன்பு மகள் புவனாவுக்கு அப்பா எழுதுவது. மருதமலையான் புண்ணியத்தில் இங்கே இரண்டு உடம்பும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் நிதீஷும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். வாரம் தவறாமல் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இந்த மனுசன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். வீடியோவில் உன் அம்மா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள் அம்மணி, அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிச் சொல்வது. எதிர்வீட்டு சைதன்யா புதன்கிழமை அங்கே கிளம்புகிறாள், கொள்ளுப் பொடிக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன்.

நீதான், பேரூர்ப் பக்கம் வயதானவர்களுக்கென்று கட்டியிருக்கிற குடியிருப்பில் வீடு பார்த்து வைத்திருக்கிறேன், சாப்பாடு டாக்டர் எல்லாம் உள்ளேயே, துடியலூர் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போய்விடுங்கள், பொங்கலுக்குள் பதில் சொல்லுங்கள் என்றாய். நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தேன். உன் அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவளுக்கும் இஷ்டமில்லை என்று எனக்குத் தோதாக எடுத்துக்கொண்டேன். உனக்கு நேராகப் பதில் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். மண்வெட்டி, மருந்தடிக்கிற டேங்க், ஹோஸ் எல்லாம் மழையில் நனைகிறதே, பின்பக்கம் ஒரு ஷெட் போடுகிறேன் என்று ஆரம்பித்தேன். ஊரைவிட்டுப் போகிறவன் காங்கிரீட் போடுவானா, பார்த்து நீயே புரிந்துகொள்வாய் என்று ஒரு கணக்கு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள், என் முயலுக்கு இரண்டுதான் என்று வைத்துக்கொள்.

மேட்டில் நம் தோட்டம், அந்த மண் சரியாமல் பிடித்து நிற்கிற கருங்கல் தடுப்புச் சுவர், அதன் கீழே நீ அந்த நாளில் சைக்கிள் நிறுத்திய இடம், அங்கேதான் தளம். சுவரையே ஒரு பக்கமாக வைத்து ஒட்டிப் போட்டுவிடலாம் என்றேன். கொத்தனார் சுப்பண்ணன் ஒப்பவில்லை. சுவரில் வரிசையாகக் குழாய் வாய்கள் இருக்கின்றன அல்லவா, மேலே மண் குடித்த தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே வரும், அடைத்துவிட்டால் மண் ஊறிக் கனத்து சுவர் உங்கள் ஷெட்டின்மேல் வந்து படுத்துக்கொள்ளும் என்றார். எனக்கும் தெரிந்ததுதான், இடம் மிச்சமாகட்டும் என்கிற ஆசை கண்ணை மறைத்தது. ஒரு ஆள் நடக்கிற அகலம் விட்டு, அந்த இடைவெளியில் ஜல்லி நிரப்பினோம். பிறகு தரையைக் கொத்தி, மண்ணை இடித்து இறுக்கி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டாயிற்று. மறுநாள் தளத்தைச் சுற்றிக் கலவையால் விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டினார். இறுகும்வரை இதில் தண்ணீர் நிறுத்துங்கள், காயவிட்டால் வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம்தான் கண்ணு. அந்தத் தண்ணீர் உன் அம்மாவின் வேலையாகிவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, தண்ணீர் என்றால் இந்த வீட்டில் அவள்தான். மார்கழி, காற்று அசையவே இல்லை, மேட்டுத் தென்னைகளின் தலையும் வெள்ளை மேகமும் தளத்துக்குள் இறங்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. மயில்கள் வரப்போரம் நின்று குடித்துவிட்டுப் போயின, விரட்ட மனம் வரவில்லை. இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு மத்தியானங்களை அங்கேயே கழித்தோம். டிவி, போன், மேட்டுப்பாளையம் ரோட்டு ஹாரன் எல்லாம் எங்கேயோ வேறு ஊரில் இருப்பதுபோல் இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தண்ணீரில் வைத்துக்கொள்வாள். நான் பாதி தூக்கத்தில் இருப்பேன். சுவர்க் குழாய்களிலிருந்து ஜல்லிமேல் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். மழை நின்று எத்தனையோ நாளாயிற்றே, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். விடியக்காலையில் மேலே செடிகளுக்கு விட்டதுங்க, மத்தியானம்தான் இங்கே வந்து சேரும் என்றாள், பழனிக்குப் போன பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல. சுவர் நெடுக அவள் ஊற்றிய தண்ணீர்தான். முழங்கால் தேய்ந்தவள் எப்போது படியேறினாள், எப்போது இறங்கினாள், அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் அவள் தண்ணீரைப் பாதத்தால் அளைந்துகொண்டே சொன்னாள். "ஏனுங்க, இத்தன வருசமா எத்தனைக்கோ தண்ணி ஊத்தியாச்சு. ஊத்துன தண்ணியக் குடிச்சுப்போட்டு, போதும்னு சொல்லப்போறது இந்தத் தளம் ஒண்ணுதானுங்க."

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாட்டுக்கு, செடிக்கு, படுக்கையில் கிடந்த என் அம்மாவுக்கு, உனக்கு, எனக்கு என்று அவள் செம்பு தூக்கிய கைதான் கண்ணுக்குள் வந்தது. இவர்களில் யாரும் போதும் என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, பேரூருக்குப் போகலாமா ராசம்மா என்று கேட்டேன். பாதத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்தாள். பிறகு, அங்கே சாப்பாட்டுக்கு மணி அடிப்பாங்களாமா, நாம போய் உக்காந்தா மட்டும் போதுமாமா என்று கேட்டாள். இத்தனை நாளும் அந்த மணியை அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் வரமாட்டேன் என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள், நான் அதை என் கட்சி என்று எண்ணியிருக்கிறேன்.

எனக்குப் போக மனமில்லை அம்மணி, உன்னிடம் எதற்குப் பொய். இருந்தாலும் போகிறோம். கூரைத் தகரம் போட வருகிற ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தளம் நன்றாக இறுகிவிட்டது, ஒரு கீறல் இல்லை. அந்தக் குடியிருப்புக்காரர்களிடம் சரி என்று சொல்லிவிடு.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், நிதீஷ் நீண்ட ஆயுளோடு பெரிய மனுசனாக வரட்டும். வெயிலில் தலையை மூடாமல் வெளியே போகாதே. நான் எழுதினேன் என்று அம்மாவிடம் மூச்சு விடாதே, நீயே பிடிவாதம் பிடித்ததாக இருக்கட்டும், தனக்காகத்தான் மனமில்லாமல் வருகிறேன் என்று தெரிந்தால் அவள் வேண்டாம் என்றுவிடுவாள். இன்னொன்று, அங்கே வாசலில் கொஞ்சம் தோட்டம் விட்ட வீடும் உண்டாம், லிஃப்ட் வைத்த மாடியில் தோட்டமில்லாத வீடும் உண்டாம். அவளைக் கேட்டால் தோட்டம் உள்ளதைத்தான் சொல்லுவாள், அதனால் அவளைக் கேட்காதே. கைப்பிடி மண்கூட இல்லாத வீடாகப் பார்.

உன் அப்பா
நஞ்சப்பன்
துடியலூர்