குபேர லிங்கத்தோடு நின்ற மொழி

நண்பா, இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அப்போதே சொன்னேன். போன வாரம் உன் மகள் உன் நீல நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பிரித்ததும் உன் ஜெராக்ஸ் கடையின் சூடான காகித வாசனை. எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் உட்காரத்தான் தோன்றுகிறது.

செங்கம் ரோட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் நகல் எடுக்க வந்து மறந்துவிட்டுப்போன தாள்களில்தான் உனக்குக் கிறுக்குப் பிடித்தது. கதைகளில் வரும் காது கூரான வனவாசிகள், எல்ஃப் என்பார்களாமே, அவர்களின் பேச்சு. அதை வைத்துச் சொந்தமாக ஒரு மொழியே கட்டினாய். பெயர்ச்சொற்கள் தயார், பெயரடைக்குத்தான் விகுதி இல்லை. நான் அதை வால் என்பேன். 'தலு' என்றால் கல். 'ரின்' என்று வால் ஒட்டினால் 'தலுரின்', கல் போன்ற. எட்டாம் வகுப்போடு நின்ற என்னைக் கேட்காமல் நீ ஒரு வாலும் ஒட்டியதில்லை. பாதி மொழி என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். மறுக்க நீ இல்லை.

கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள், லிங்கத்துக்கு ஒரு வால். விடியற்காலையில் நடந்தே போய்ச் சேர்ந்தால்தான் செல்லும் என்பது உன் சட்டம். நிறத்துக்கு, ருசிக்கு, சூட்டுக்கு என்று ஏழு ஆயிற்று. எட்டாவது, மனிதர்களைச் சொல்ல.

"ஏன்டா, மனுஷனுக்குத் தனி வாலா?" என்றேன்.

"யோவ், கல்லு கெட்டியா இருக்கறதும் மனுஷன் கெட்டியா இருக்கறதும் ஒண்ணா? நடய்யா. உனக்குப் பேச்சு ஜாஸ்தி, நடை கம்மி."

சொன்ன நீதான் ஏழாவதான குபேர லிங்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிறகு நீ வீடு திரும்பவில்லை.

"மாமா, நோட்டு ஏழோட நிக்குது," என்றாள் உன் மகள். "நான் வர்றதுக்குள்ள அப்பாவுக்கு நினைவு போயிடுச்சு. கடைசியா உங்ககூடதான் இருந்தாரு. எட்டாவது என்னன்னு சொன்னாருங்களா? அது தெரியாம இதை மூடி வைக்க முடியல."

"சொன்னானே! ஆட்டோ எட்டாவது லிங்கம், ஈசானிய லிங்கத்தைத் தாண்டும்போது சொன்னான். 'ஏல்'னு. உன் பேரோட ஒட்டிக் காட்டினாம்மா."

"ஆட்டோவுல சொன்னா செல்லாதே மாமா?"

"கடைசிக்குச் சலுகை உண்டு."

அழுதுகொண்டே சிரித்தாள். பேனாவால் எழுதி, தேதியும் போட்டாள்.

நண்பா, ஆட்டோவில் நீ வாயே திறக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாய். அந்தக் கனம் இன்னும் இறங்கவில்லை. 'ஏல்' நான் அந்த நிமிஷத்தில் இட்டுக்கட்டியது.