சங்கு ஓய்ந்த வாரம்

டூலூத்,
2 செப்டம்பர் 1991

அன்புள்ள வெர்னுக்கு,

நானும் ட்ரேசியும் அக்கா கார்லா வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். சீட்டு மட்டும் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பியது தப்புதான். நேரில் சொல்லியிருந்தால் நீ சிரிக்க வைத்து, என்னை நிறுத்தியிருப்பாய்.

நீ அணுகுண்டு விமானத்தோடு தயாராகக் காத்திருக்கும் அலர்ட் வாரத்தில், விமானத் தளத்து வேலியோரப் புல்தரையில்தான் நமக்குக் குடும்பம். கல்யாண நாள், கிறிஸ்துமஸ் எல்லாம் அங்கேயே. ஆனால் ட்ரேசி மெழுகுவர்த்தியை ஊத வாயைக் குவித்த நேரத்தில் அபாயச் சங்கு அலறியது பார், அதோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. கேக் வெட்டும் கத்தியோடு ஓடினாய். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாயா?

பயிற்சி என்றால் விமானங்கள் ஓடுதளம் வரை உருண்டுவிட்டுத் திரும்பும். மேலே கிளம்பினால் உலகமே முடிந்தது. எது என்று தெரியும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்பா இப்ப குண்டு போடப் போறாராம்மா?" என்று கேட்டாள் உன் மகள்.

உன் மேல் கோபம் இல்லை. அந்தச் சங்கு ஊதும் ஊருக்கு மட்டும் இனி வரமாட்டேன். கூப்பிட வராதே.

நடீன்

*

வடக்கு டகோட்டா, விமானத் தளம்,
14 செப்டம்பர்

என் நடீனுக்கு,

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அவையும் என்னிடம் முகம் கொடுப்பதில்லை.

அன்று விமானத்தில் ஏறியதும் விமானத்தின் வால் பீரங்கியை இயக்கும் ஓடிஸ் என் கையைப் பார்த்துவிட்டு, "கத்தியோட எங்கடா கிளம்பிட்ட? ரஷ்யாவுல யாருக்குப் பொறந்த நாள்?" என்றான். சிரித்தோம். சிரித்துக்கொண்டே பெல்ட்டை இறுக்கினோம்.

சங்கை நிறுத்துவது என் கையில் இல்லை. என் அப்பா காலத்தில் இதே படையின் விமானங்கள் குண்டோடு இரவும் பகலும் வானத்திலேயே சுற்றின. இப்போது தரையிலாவது காத்திருக்கிறோம். நான் பிறந்த வருஷத்தில் தொடங்கிய காவல் இது, எனக்காகவா நிற்கப் போகிறது?

திரும்பிப் பார்த்தாயா என்று கேட்டாய். பார்த்தால் கால் நின்றுவிடும், நடீன். அதனால்தான் ஒருநாளும் பார்த்ததில்லை.

உன் வெர்ன்

*

விமானத் தளம்,
29 செப்டம்பர்

நடீன்,

செய்தி பார்த்திருப்பாய். வெள்ளிக்கிழமை ஜனாதிபதி டிவியில் பேசினார். நேற்றே உத்தரவு வந்துவிட்டது. காவல் முடிந்தது. விமானங்களிலிருந்து குண்டுகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அலர்ட் வாரங்களில் நாங்கள் தங்கும், பாதி மண்ணுக்குள் புதைந்த அந்தக் கட்டடத்திலிருந்து துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். "இங்கேருந்து ஓடித்தானே பழக்கம், நடந்து எப்படிடா போறது?" என்றான் ஓடிஸ். அவன் கண் கலங்கியிருந்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் 'ஆப்பிள் பை' பலகாரம் வைத்தேன். வெந்ததும் அடுப்பு மணி 'பர்ர்' என்றது. அடுத்து எனக்கு நினைவு வந்தபோது, ஒரு காலில் மட்டும் காலுறையோடு வண்டியைக் கிளப்பித் தெருமுனையில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி செடி வெட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே வண்டியை நிறுத்திச் சிரித்தேன், பிறகு அழுதேன். அப்பாடா என்றிருந்தது. பலகாரம் கருகிப் போனது.

கூப்பிட வராதே என்றாய். வரவில்லை. எழுதிக் கேட்கலாம் இல்லையா?

வெர்ன்

*

டூலூத்,
5 அக்டோபர்

என் வெர்னுக்கு,

பக்கத்து வீட்டுக்காரிதான் பார்த்தாளா? இனி அந்தக் கதை ஊர் முழுக்கச் சுற்றும், போ.

உன்னைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. இங்கே கார்லாவின் துணி உலர்த்தும் இயந்திரம் முடிந்தால் மணி அடிக்கும். ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடிப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "குண்டு விமானமே இல்லாத ஊர்ல எதைடி தேடுற?" என்று அவள் திட்டுவாள். செய்தி கேட்ட ராத்திரிதான் எனக்கு நிஜமாகத் தூக்கம் வந்தது.

திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும் என்று எழுதியிருந்தாயே, அதை முன்பே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டேன், மடையா.

அடுத்த சனிக்கிழமை மத்தியானப் பேருந்தில் வருகிறோம். ட்ரேசி புது மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருக்கிறாள். கேக் உன் பொறுப்பு. அடுப்பு மணியைக் கழற்றிவிட்டுச் செய்.

ஒன்றே ஒன்று. எங்களைப் பார்த்ததும் ஓடி வராதே. இத்தனை வருஷமும் நீ ஓடும்போது உன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். மெதுவாக நடந்து வா.

உன்
நடீன்