மூன்றாம் நம்பர் மிஷினில் வனிதா

12.2.2007, திங்கள்
காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். மாம்பழக் கலர் சேலைக்கு முந்தானை டிசைன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மயில் கழுத்து. கண் எரிச்சல்.
சாயங்காலம் ஐந்தரைக்கு மெசஞ்சரில் வனிதா பெயர் பக்கத்தில் பச்சை விளக்கு.
வனிதா என் தங்கை. போன நவம்பரில் டெங்குவில் போனவள். பத்தொன்பது வயது.
"வனி?" என்று அடித்துவிட்டேன். விளக்கு அணைந்தது.
அம்மாவிடம் சொல்லவில்லை.

13.2, செவ்வாய்
இன்றும் அதே நேரம். நாற்பது நிமிடம் எரிந்தது. நான் ஒன்றும் அடிக்கவில்லை. பேய் நம்பிக்கை எனக்குக் கிடையாது. ஆனாலும் எங்கோ உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது.
அந்த ஐ.டி. நான் திறந்து கொடுத்தது. அவள் போனதெல்லாம் பஜார் வீதி பிரவுசிங் சென்டருக்கு. "இந்தக் கட்டத்துல டிக் போட்டுடு, தடவைக்குத் தடவை பாஸ்வேர்ட் அடிக்கத் தேவையில்ல." சொல்லிக் கொடுத்தது நானேதான்.

14.2, புதன்
மதியம் சென்டர். வனிதா எப்போதும் உட்காரும் மூன்றாம் நம்பர் மிஷின். அவள் பெயர் தயாராக, பாஸ்வேர்ட் இடத்தில் வரிசையாகப் புள்ளிகள். ஒரு தட்டு. உள்ளே போய்விட்டேன்.
பேசியதெல்லாம் அந்த மிஷினிலேயே சேமிப்பில் இருந்தது. ஜனவரியிலிருந்து யாரோ ஒருவன் வனிதாவாகப் பேசிக்கொண்டிருக்கிறான். பழைய பேச்சையெல்லாம் படித்து, அவள் மாதிரியே எழுதுகிறான். பேசுவது மஞ்சுவோடு. செய்யாறு பெண், ஒன்பதாம் வகுப்பு, வனிதாவுக்கு சாட்டில் கிடைத்த சிநேகிதி. நேரில் பார்த்ததில்லை. வனிதா இறந்தது அவளுக்குத் தெரியாது.
முதலில் பரீட்சை பற்றி. பிறகு போட்டோ கேட்டிருக்கிறான். அனுப்பியிருக்கிறாள். நேற்றையது:
"வீட்ல சொல்லாதே, திட்டுவாங்க. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆரணி பஸ் ஸ்டாண்ட் வா. எங்க அண்ணன் கூட்டிக்கினு வருவான்."
எங்களுக்கு அண்ணன் கிடையாது.
சென்டர்காரரிடம் கேட்டேன். "யாரு யாரோ வர்றாங்க, போறாங்க. பேஜார் பண்ணாதம்மா." வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டில் அந்த நேரத்துக்கு எதிரே ஒரு கிறுக்கல்.
பாஸ்வேர்டை மாற்றினேன். டிக்கை எடுத்தேன். ரொம்பத் தாமதம்.

15.2, வியாழன்
என் ஐ.டி.யிலிருந்து மஞ்சுவுக்கு எழுதினேன். நான் வனிதாவின் அக்கா, அவள் இப்போது உயிரோடு இல்லை, உன்னிடம் பேசுவது வேறு ஆள், வராதே.
பதில்: "பொறாமைல யாராச்சும் இப்படி எழுதுவாங்க, நம்பாதேன்னு அக்கா முன்னாடியே சொல்ட்டாங்க. நீங்க யாரு?"
எதைச் சொல்லி நிரூபிப்பது? நான் சொல்வதையெல்லாம் அவனும் சொல்லலாம். அதற்குள் என்னை பிளாக் செய்துவிட்டாள்.

16.2, வெள்ளி
வேறு வழி தெரியவில்லை. வனிதா ஐ.டி.யில் உட்கார்ந்தேன். "மஞ்சு, நாளைக்கு வராதே. நான் ஊர்ல இல்ல. இனிமே யார் கூப்ட்டாலும் அம்மாகிட்ட சொல்லாம போகாதே. நல்லா படி." விரல் தானாக வனிதாவைப் போலவே அடித்தது.
மஞ்சு ஆன்லைனுக்கு வரவே இல்லை.
அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "எம் பொண்ணு பேர வெச்சிகினு எவன்டி பேசறான்? நாளைக்கு நானும் வரேன்."

17.2, சனி
பத்து மணியிலிருந்து பஸ் ஸ்டாண்ட். செய்யாறு பஸ் பத்தே முக்காலுக்கு. ரெட்டை ஜடை, தோளில் ஸ்கூல் பை, இறங்கி நாலு பக்கமும் பார்த்தாள். அம்மா ஓடினாள்.
"மஞ்சுவாம்மா? நான் வனிதாவோட அம்மா."
"அக்கா வரலியா?"
என் கையில் வனிதாவின் காலேஜ் அடையாள அட்டை. நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே சொன்னாள். "அவ செத்து மூணு மாசமாச்சும்மா."
"செவ்வாக்கெழம கூடப் பேசினாங்களே?"
அம்மா அவளை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.
டீக்கடை ஓரம் ஹெல்மெட்டோடு ஒருவன். பேப்பர் படித்துக்கொண்டு ஒருவர். செல்போனில் ஒருவன். "எந்த பஸ்ஸுங்க?" என்று சிரித்துக் கேட்ட ஒருவர். இவர்களில் யார்? ஒருவேளை யாருமே இல்லையோ?
எஸ்.டி.டி. பூத்திலிருந்து மஞ்சு வீட்டுக்கு போன். ஒரு மணி போல அவள் அம்மா வந்து, வந்த வேகத்தில் கையை ஓங்கினார். பிடித்துக்கொண்டேன். "அடிக்காதீங்க. அடிச்சா அடுத்த தடவை சொல்லமாட்டா."
நாலு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். "பேர் தெரியாத ஆள் மேல இன்னான்னும்மா எழுதறது?" எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

18.2, ஞாயிறு
கடைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு ஆணின் விரல்களையும் பார்த்தேன். என் தங்கையின் பேச்சு முழுவதும் தெரிந்த ஒருவன் இந்த ஊரில் காய் வாங்குகிறான்.

19.2, திங்கள்
அம்மா சொன்னாள், "அழிச்சிடு." ஐ.டி.யை அழிக்க நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் கொடுத்தேன். அரை மணி வேலை ஓடவில்லை.
சாயங்காலம் என் ஐ.டி.க்கு மஞ்சு. "அம்மா பக்கத்துல உக்காந்துகினு இருக்காங்க அக்கா. எல்லாத்தையும் அவங்களுக்கும் காமிச்சேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எது வரைக்கும் நெஜமாவே வனிதா அக்கா பேசினாங்க?"
நவம்பர் முதல் வாரம் வரைக்கும் என்று எழுதினேன்.
பிறகு: "ஆனா வெள்ளிக்கெழம வந்தது மட்டும் அக்காவேதான்னு தோணுது. நல்லா படின்னு. அது அவங்கதானே?"
ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
"இல்ல மஞ்சு. அது நான்."
அனுப்பிவிட்டேன்.