அழுக்கு தெரியும் நிறம்

குவைத்தில் இருக்கும் என் மகராசிக்கு,

நத்தார்ப் பண்டிகை வருகிறதென்று தோட்ட லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன். றக்வானையில் நிலாம் நானா கடையில் நிற அட்டையை விரித்துக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"வெளிச்சத்தத் திருப்பித் தர்ற நெறமா பாத்துக் குடுங்க நானா" என்றேன். பால்வெள்ளையைக் கொடுத்தார்.

லயத்தில் எல்லோரும் சுவரின் கீழ்ப்பாதிக்குக் கரும்பச்சைதானே அடிப்பார்கள்? நான் தரைவரைக்கும் வெள்ளையே அடித்தேன். பக்கத்துக் காம்பரா ரோசலின், "அழுக்குப் பட்டா அப்படியே தெரியுமே அண்ணே" என்றாள். "தெரியட்டும்மா" என்றேன்.

காலையில் கதவைத் திறந்தால் மலைமேல் நிற்கும் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. அதன் நடுவே நாற்காலி தெரிகிறது, தண்ணீர்க் குடம் தெரிகிறது. நேற்று யாரோ வந்து நின்றதுகூடத் தெரிந்தது. பேசிய பிறகுதான் ரோசலின் என்று விளங்கியது.

எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே. டாக்டர் சொன்னதை நீ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

வரும்போது அந்தக் கருநீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பகலிலேயே வந்துவிடு. உள்ளே வந்ததும் ஒன்றும் பேசாமல் சுவரோரமாக நில். நீதான் என்று நானாகக் கண்டு சொல்ல வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி இருக்கும்,
உன் வீட்டுக்காரன்